முதல் வாடகை வீடு: எந்த வீடு, எந்தக் கடன்?

வாடகைக்கு விடுவதற்காக முதல் வீட்டைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வீடுகளைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இதில் வெளிச்சம் நன்றாக வருகிறது, அதில் அறை பெரிது, இன்னொன்று பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கம். பத்து வீடு ஏறி இறங்கி ஒன்றை முடிவு செய்தபின், வங்கி எந்தக் கடனைக் கொடுக்கிறதோ அதை வாங்கிக்கொள்கிறார்கள்.

நானும் அப்படித்தான் செய்தேன். வீடு பார்க்க நான்கு மாதம் அலைந்தேன். கடன் தாள்களில் கையெழுத்துப் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு பட்ட கஷ்டத்தில் வீட்டின் பங்கு எதுவுமில்லை. சுவர் விரிசல் விடவில்லை, குழாய் உடையவில்லை. குடியிருந்தவர் காலி செய்தார், அடுத்தவர் வர மூன்று மாதம் ஆயிற்று, அவ்வளவுதான். அந்த மூன்று மாதமும் தவணை தேதி தவறாமல் வந்து நின்றது. மூன்றாவது மாதத் தவணையை நண்பரிடம் கைமாற்று வாங்கித்தான் கட்டினேன். அதனால்தான் இந்தக் கட்டுரையில் வீட்டையும் கடனையும் சேர்த்து வைத்து ஒப்பிடுகிறேன். முதலில் கடன்.

விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். இந்த வீட்டுக்கு மாதம் 0.60 வாடகை வருகிறது, வருடத்துக்கு 7.2. இதை அப்படியே வருமானம் என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் 0.6 போகிறது. பழுதுபார்ப்புக்கு 0.8. வரிக்கும் காப்பீட்டுக்கும் 0.5. தரகு, வெள்ளையடிப்பு, பராமரிப்புக் கட்டணம் என்று இன்னொரு 0.3. மிச்சம் 5. நூறு போட்டு வாங்கிய வீடு வருடத்துக்கு 5 தருகிறது. ஊருக்கு ஊர் இது மாறும், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆனால் வாடகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கைக்கு வராது என்று நினைத்துத் தொடங்குவது நல்லது.

இப்போது கடன். வட்டி 8 சதவீதம், 20 வருடம். விலையில் 80-ஐ வங்கி தருகிறது, 20-ஐ நீங்கள் போடுகிறீர்கள். பத்திரம், பதிவு, தரகு, வக்கீல் செலவெல்லாம் இதற்கு மேல். அவற்றுக்குப் பெரும்பாலும் கடன் கிடைக்காது. மாதத் தவணை 0.67 வரும். வாடகை 0.60, தவணை 0.67, மாதம் 0.07தானே துண்டு விழுகிறது, சமாளித்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் வீடு மாதத்துக்குத் தருவது 0.60 இல்லை, 0.42. அப்படியானால் துண்டு 0.25. நினைத்ததைவிட மூன்று மடங்குக்கும் மேல்.

வருடத்துக்குக் கணக்கிட்டால் 3 கைவிட்டுப் போகிறது. வாடகை ஏறும்போது இது சரியாகிவிடும் என்று சொல்வார்கள். ஏறத்தான் செய்யும். செலவு போக மிஞ்சும் தொகை வருடத்துக்கு 5 சதவீதம் கூடிக்கொண்டே போனாலும், அது தவணையைத் தாண்டுவது பதினோராவது வருடத்தில்தான். அதுவரை பத்து வருடங்களில் நீங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துப் போட்ட தொகையைக் கூட்டினால் 17-க்கு மேல். தொடக்கத்தில் போட்ட 20-க்குக் கிட்டத்தட்ட இன்னொரு 20. இது தெரிந்து, நிலையான சம்பளம் இருந்து, இதை ஒரு கட்டாயச் சேமிப்பு என்று நினைத்துச் செய்கிறவரைக் குறை சொல்லமாட்டேன். அசல் குறைந்துகொண்டே வருகிறது, அதுவும் அவர் சொத்துதான். ஆனால் “வாடகை வருமானத்துக்காக வாங்கினேன்” என்று சொல்லிக்கொண்டு இதைச் செய்கிறவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். வருமானம் வருவதற்குப் பதிலாக, பத்து வருடத்துக்கு ஒரு செலவைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

அதே வீட்டுக்கு 50 மட்டும் கடன் வாங்கினால் வருடத் தவணை 5.02. வீடு தருவது 5. கூட்டிக் கழித்தால் சரிக்குச் சரி. 40 என்றால் தவணை 4. வருடத்துக்கு 1 மிஞ்சும். வணிகக் கட்டடங்களுக்குக் கடன் கொடுப்பவர்கள், செலவு போக மிஞ்சும் வருமானம் தவணையைப்போல் 1.2 அல்லது 1.25 மடங்காவது இருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். நம் கணக்கில் 40 என்ற கடனில்தான் அந்த 1.25 வருகிறது. அப்படியிருக்க, வங்கி ஏன் 80 தருகிறது? சாதாரண வீட்டுக் கடனில் அது பார்ப்பது பெரும்பாலும் உங்கள் சம்பளத்தை. 80 கிடைக்கிறது என்றால் அந்தச் சுமையை உங்கள் சம்பளம் தாங்கும் என்று பொருள். வீடு தாங்கும் என்று பொருளில்லை. இந்த ஒன்றை மட்டும் அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கடன் வாங்கி முதலீடு செய்தால் லாபம் பெருகும் என்று எல்லாரும் சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை. வட்டி 4 சதவீதம் என்றால், 5 தரும் வீட்டில் 80 கடனுக்கு வட்டி 3.2 போக 1.8 நிற்கும். நீங்கள் போட்ட 20-க்கு அது 9 சதவீதம். முழுப் பணமும் சொந்தமாகப் போட்டவருக்கு 5 சதவீதம்தான். வட்டி 8 ஆனதும் இது தலைகீழாகிறது: வட்டி மட்டுமே 6.4, வீடு தருவது 5. இங்கே வாங்கும் ஒவ்வொரு கடனும் உங்கள் வருமானத்தைக் குறைக்கிறது. வீடு தரும் சதவீதம் வட்டியைவிட அதிகமா, குறைவா என்பதுதான் முதல் கேள்வி. அதிகமென்றால் கடன் உதவும். குறைவென்றால் விலை ஏறும் என்ற நம்பிக்கை ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறீர்கள்.

அந்த வட்டியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அமெரிக்காவில் 30 வருட நிலை வட்டி வீட்டுக் கடனின் சராசரி, வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபிரெடி மேக் நிறுவனத்தின் வாராந்திரக் கணக்குப்படி, 2021 ஜனவரியில் 2.65 சதவீதம். 2023 அக்டோபரில் 7.79. மூன்று வருடம்கூட ஆகவில்லை. இந்தியாவில் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. இரண்டு இடத்திலும் வட்டி ஏறியது. ஆனால் அமெரிக்காவில் நிலை வட்டியில் கடன் வாங்கி வைத்திருந்தவரின் தவணை அசையவில்லை. இந்தியாவில் மாறும் வட்டியில் வாங்கியவருக்குத் தவணையோ காலமோ கூடியது.

மாறும் வட்டிக் கடனில் எல்லாரும் பயப்படுவது தவணை ஏறுவதைத்தான். எனக்கு அதைவிடப் பயம் தருவது காலம் நீள்வது. பல வங்கிகள் வட்டி ஏறும்போது தவணையைத் தொடாமல் மாதங்களைக் கூட்டிவிடும். கையை விட்டு அதிகம் எதுவும் போகாததால் வலி தெரியாது. கணக்குப் போட்டால் தெரியும்: 8 சதவீதத்தில் 20 வருடத்துக்கு வாங்கிய கடன், தொடக்கத்திலேயே 10 சதவீதமாகி, தவணையைக் கூட்டாமல் விட்டால், முடிய 56 வருடம் ஆகும். கட்டுவது அத்தனையும் ஏறக்குறைய வட்டிக்கே போய்விடும். 10 சதவீதத்திலும் 20 வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் தவணை 15 சதவீதம் கூட வேண்டும். அந்த 15 சதவீதத்தை இன்றைக்கே கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் மாறும் வட்டிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வங்கிகளுக்குச் சொல்லியது. கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள்.

நிலை வட்டி சற்று அதிகமாக இருந்தாலும், முதல் வீட்டுக்கு அது கிடைக்குமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. ஆனால் “நிலை” என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். எத்தனை வருடத்துக்கு நிலை என்று பாருங்கள். இரண்டு, மூன்று, ஐந்து வருடம் கழித்து மாறும் வட்டிக்குப் போய்விடும் கடன்களும் அதே பெயரில்தான் விற்கப்படுகின்றன. முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்பதையும் பாருங்கள். நிலை வட்டிக் கடன்களில் அது இருக்கலாம்.

காலத்தைப் பொறுத்தவரை எனக்குக் கொஞ்சம் வழக்கத்துக்கு மாறான எண்ணம். 100 கடனுக்கு 8 சதவீதத்தில் 15 வருடம் என்றால் மொத்த வட்டி 72. இருபது வருடத்துக்கு 100-ஐத் தாண்டும். முப்பதுக்கு 164. இந்த எண்களைப் பார்த்தால் குறுகிய காலம்தான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு அது சரி. வாடகை வீட்டில், காலி மாதத்தில் வந்து நிற்கும் தவணை எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. நீண்ட காலத்துக்கு வாங்கிவிட்டு, அபராதம் இல்லாத கடனானால், கை வசதியாக இருக்கும்போது அசலில் கூடுதலாகக் கட்டுங்கள். கூடுதலாகக் கட்டுவதை எந்த மாதமும் நிறுத்தலாம். ஒப்புக்கொண்ட பெரிய தவணையை அப்படி நிறுத்த முடியாது. கூடுதல் பணத்தைத் தொடக்க வருடங்களிலேயே போடுங்கள்: 8 சதவீதம், 20 வருடக் கடனில் முதல் தவணையில் ஏறக்குறைய 80 சதவீதம் வட்டிக்கே போகிறது, அசலில் பாதி தீர 13 வருடத்துக்கு மேல் ஆகிறது.

வட்டி மட்டும் கட்டும் கடனும் உண்டு. பிரிட்டனில் வாடகைக்கு விட வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இதைத்தான் எடுக்கிறார்கள். அங்கே இந்தக் கடனுக்குச் சம்பளத்தைவிட வாடகையைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். வாடகை, வட்டியில் 125 முதல் 145 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும். வட்டி மட்டும் கட்டுவது பிடிக்காது. காலம் முடியும்போது முழு அசலும் அப்படியே நிற்கும். அன்றைக்கு வீட்டை விற்கவோ புதுக் கடன் வாங்கவோ சந்தை ஒத்துவர வேண்டும். முதல் வீட்டை வாங்குகிறவருக்கு இது வேண்டாம். வரிச் சலுகையை நம்பி வாங்குவதும் வேண்டாம். அதே பிரிட்டனில், வாடகை வருமானத்திலிருந்து கடன் வட்டியை முழுவதும் கழித்துக்கொள்ளலாம் என்றிருந்த விதியைத் தனிநபர்களுக்கு 2017-இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து, 2020-க்குள் எடுத்துவிட்டு, வட்டித் தொகையில் 20 சதவீத அளவுக்கு வரித் தள்ளுபடி மட்டும் வைத்தார்கள். பழைய கணக்கை நம்பி வாங்கியவர்களில் பலருக்கு அதன்பின் லாபம் நிற்கவில்லை.

இனி வீடு.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாடகைக்காக வாங்காதீர்கள். வங்கி கடன் பணத்தைக் கொடுத்த அன்றிலிருந்து வட்டி ஓடும், வாடகை வராது, முடியும் தேதி உங்கள் கையில் இல்லை. இதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

கடை வாங்கினால் வீட்டைவிட வாடகை அதிகம் வரும், ஒப்பந்தமும் நீளம். ஆனால் காலியானால் மாதக்கணக்கில் கிடக்கும், சில இடங்களில் வருடம்கூட ஆகும். கடன் கிடைக்கும் பங்கு குறைவு, வட்டி அதிகம். இரண்டாவது, மூன்றாவது சொத்தாக யோசிக்கலாம்.

அடுக்குமாடியில் ஒரு வீடு என்பது தொடங்குகிறவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது. கூரை, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி என்று பெரிய பொறுப்புகள் சங்கத்துக்குப் போய்விடுகின்றன. குடிவருபவரும் எளிதில் கிடைப்பார். அதற்குப் பதிலாக மாதப் பராமரிப்புக் கட்டணம் வீடு காலியாக இருந்தாலும் கட்ட வேண்டும். வாங்குவதற்கு முன் சங்கத்தின் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். பெரிய வேலைகளுக்கென்று ஒரு நிதி சேர்த்து வைத்திருக்கிறார்களா? இல்லாவிட்டால் லிஃப்ட் மாற்றும் வருடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெரிய தொகை விழும், அன்றைய உரிமையாளர் நீங்கள்தான்.

பழைய தனி வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சரிசெய்து வாடகைக்கு விடுவது காகிதத்தில் எப்போதும் லாபமாகத் தெரியும். அப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கூடத்தில் மூன்று சுவர் மங்கிப் போயிருந்தன, நான்காவது மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தது. அந்தச் சுவரை ஒட்டி ஒரு அலமாரி. தரகர் பின்பக்கத் தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். சுவர் சில்லென்று இருந்தது, விரல் நுனியில் சுண்ணாம்பு பொடிப் பொடியாக உதிர்ந்தது. மேலே குளியலறை. குழாய் எங்கோ சுவருக்குள் கசிந்துகொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யத் தளத்தை உடைக்க வேண்டும், எவ்வளவு உடைக்க வேண்டும் என்பது உடைத்தபின்தான் தெரியும். வீட்டை வாங்கத்தான் கடன் கிடைக்கும். இந்தச் செலவு பெரும்பாலும் கைக்காசிலிருந்து போக வேண்டும், வேலை நடக்கும் மாதங்களில் வாடகையும் இல்லை, தவணை மட்டும் உண்டு. கட்டட வேலை தெரிந்தவருக்கு இது நல்ல வழி. மற்றவர்கள் மதிப்பீட்டுச் செலவை இரண்டு மடங்காக வைத்துக் கணக்குப் போட்டும் லாபம் நின்றால் மட்டும் இறங்கலாம்.

என் மனதுக்கு ஏற்றது, இரண்டு மூன்று போர்ஷன் உள்ள வீட்டை வாங்கி ஒன்றில் நாமே குடியிருந்து மற்றதை வாடகைக்கு விடுவது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டி பொதுவாகக் குறைவு, போட வேண்டிய கைக்காசும் குறைவு. அமெரிக்காவில் அரசு அமைப்பு ஒன்றின் காப்பீட்டோடு வங்கிகள் தரும் எஃப்ஹெச்ஏ கடனில், நான்கு வீடுகள் வரை உள்ள கட்டடத்தை, ஒன்றில் குடியிருப்பதாக இருந்தால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பதைக் காட்டும் கடன் மதிப்பெண் 580-க்குக் குறையாதவர் 3.5 சதவீதம் கைக்காசு போட்டு வாங்கலாம். வாடகைக்கு மட்டும் என்று வாங்கினால் வழக்கமாகக் கேட்பது 15 முதல் 25 சதவீதம். ஒரு போர்ஷன் காலியானாலும் தலைக்கு மேல் கூரை இருக்கிறது, நீங்கள் இதுவரை வேறொருவருக்குக் கட்டிய வாடகையும் நிற்கிறது. எல்லாவற்றையும்விட, வீட்டு உரிமையாளராக இருப்பது என்றால் என்ன என்பதைப் பக்கத்திலிருந்தே கற்றுக்கொள்ளலாம். ஒழுகல் அன்றைக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டுவார்கள் என்பதும் உண்மைதான். அது பிடிக்காதவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. ஒன்று மட்டும்: குடியிருப்பேன் என்று எழுதிக் கொடுத்துக் குறைந்த வட்டியில் வாங்கிவிட்டு முழுவதையும் வாடகைக்கு விடாதீர்கள். அது கடன் ஒப்பந்தத்தை மீறுவது. தெரியவந்தால் முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லும் உரிமை வங்கிக்கு வரும்.

கைக்காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சேமிப்பிலிருந்து வந்தால் கவலையில்லை. ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து, அந்தப் பணத்தைக் கைக்காசாகப் போட்டு, மீதிக்கும் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வாடகை வீட்டின் விலை முழுவதும் கடன்தான். ஒரு குடித்தனக்காரர் காலி செய்ததற்காக நம் குழந்தைகள் தூங்கும் வீடு ஆபத்தில் நிற்கக் கூடாது. உறவினரோடு கூட்டாக வாங்குவதை நான் தவிர்க்கச் சொல்லமாட்டேன், ஆனால் யார் எவ்வளவு போட்டார், பழுதுக்கு யார் பணம் தருவார், ஒருவர் விலக நினைத்தால் எந்த விலைக்கு மற்றவர் வாங்கிக்கொள்வார் என்பதை வாங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். நல்ல உறவு இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

இத்தனைக்கும் பிறகு ஆறு மாதத் தவணையைக் கையிருப்பாக வைக்க முடியாவிட்டால், வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். அமெரிக்காவில் ஃபிரெடி மேக்கைப் போலவே வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிகளும் முதலீட்டு வீட்டுக்குப் பொதுவாக ஆறு மாதக் கையிருப்பைக் கேட்கின்றன. வட்டியில் அரை சதவீதம் குறைப்பதற்கு நாலு வங்கி ஏறுகிற நாம், இதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

முதல் வீட்டை ஐந்தாவது வருடத்தில் விற்றுவிட்டேன். இப்போது இருப்பது இரண்டு போர்ஷன் வீடு. மேலே நாங்கள், கீழே வாடகை. கடன் விலையில் பாதிக்கும் கீழே. கீழே இருப்பவர்களுக்கு வேலை மாற்றம், வரும் மாதம் காலி செய்கிறார்கள். அடுத்தவர் எப்போது வருவார் என்று தெரியாது. ஆறு மாதத் தவணை தனிக் கணக்கில் இருக்கிறது. வெள்ளையடிக்கிறவர் நாளைக்கே தொடங்கவா என்று கேட்டார். சமையலறை மூலையில் லேசாக ஈரம் தெரிகிறது, முதலில் பிளம்பர் வந்து பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.